வேறொரு ஆமியின் பீங்கான்கள்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் ஐம்பத்துமூன்று ஜெர்மன் பீங்கான்கள் இருந்தன. நாங்கள் சாப்பிட்டது பிளாஸ்ரிக் தட்டில். விருந்தாளிகள் வந்தால் மனைவி கண்ணாடித் தட்டுகளை எடுப்பாள். ஜெர்மன் பீங்கான்களைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை. அனுமதி கேட்டவர்களும் யாரும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பீங்கான் என்று சொல்வது சாப்பிடும் தட்டைத்தான். என்னிடம் இருந்தவை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனியில் செய்யப்பட்டவை. பூப்போட்டு, பொன் விளிம்பு வைத்து மாளிகைகளுக்குச் செய்தவை அல்ல. படைமுகாம், ஆஸ்பத்திரி, தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடம் என்று ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நின்று சாப்பிடும் இடங்களுக்குச் செய்து அனுப்பியவை. தடித்த வெள்ளை. ஒரு கோடுகூட இருக்காது. திருப்பினால்தான் விஷயம். தொழிற்சாலையின் முத்திரை, வருடம், எந்தத் துறைக்கு உரியது என்று இரண்டு மூன்று எழுத்து, சிலவற்றில் ஒரு கழுகு. ஆகவே என் சேகரிப்பை ரசிக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் கவிழ்த்து வைக்க வேண்டும். அப்படித்தான் வைத்திருந்தேன். ஒருமுறை மின்சாரம் திருத்த வந்தவர், இன்னும் காயவில்லையா என்று கேட்டார்.

தொடக்கம் மொன்ட்ரியாலில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமைப் பழைய சாமான் விற்பனையில். மனைவி திரைச்சீலை தேடிக்கொண்டிருந்தாள். நான் ஒரு சூப் பீங்கானைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் என் மணிக்கட்டு என்னிடம் ஏதோ சொன்னது. நான் பன்னிரண்டு வருடம் நகர மையத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவியவன். பிறகு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் சாமான்களுக்குப் பொறுப்பாளன். ஒரு தட்டின் பாரத்தைக் கொண்டே அது எந்தத் தரம், எத்தனை முறை விழுந்தால் உடையும் என்று சொல்லிவிடுவேன். உலகத்தில் எனக்கு ஒரு துறையிலாவது ஞானம் உண்டென்றால் அது இதுதான். முப்பது வருடமாக அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

இணையத்தில் கேட்டார்கள். இப்படிப்பட்ட பீங்கான்களைச் சேர்ப்பவர்களுக்கென்று அங்கே ஒரு குழு இருந்தது. முத்திரைகளைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் கழுவியவர் யாரும் அங்கே இல்லை. ஒருவர் போட்ட படத்தைப் பார்த்து, "இது அடுக்கி வைத்த தேய்மானம் இல்லை, கரண்டியால் சுரண்டிய தேய்மானம். கஞ்சி குடித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியாக இருக்கலாம்" என்று எழுதினேன். ஆளாளுக்குப் பாராட்டினார்கள். ஒரு பிரெஞ்சுக்காரர் என்னை ஆசான் என்றே அழைத்தார். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனை ஆசான் என்று அழைத்தால் அவன் என்ன செய்வான்? நான் இன்னும் பீங்கான் வாங்கினேன்.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். வெளிப்படிக்கட்டு சுழன்று ஏறும். பனி உறைந்த நாட்களில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பெட்டியையும் பிடித்தபடி ஏறுவேன். விழுந்தால் எலும்பு முறியும், பீங்கான் முறியாது என்று எனக்குத் தெரியும். அதில் ஒருவித நிம்மதிகூட இருந்தது.

போகும் இடமெல்லாம் தட்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமும் வந்தது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் உறவினர் வீட்டுப் பிறந்தநாள் ஒன்றில் பேசிக்கொண்டே தட்டைத் திருப்பினேன். அதில் பாதிக் கத்தரிக்காய்க் குழம்பு இருந்தது. பக்கத்தில் வீட்டுக்காரியின் புதுச்சேலை. நான் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால், "இது சீனாவிலை செய்தது" என்று சொன்னதாக மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். நான் மறுப்பதில்லை. சொல்லியிருப்பேன்.

அவள் என்னோடு இந்த விஷயத்தில் சண்டை போட்டதில்லை. ஒரே ஒருமுறை, கழுகு போட்ட பீங்கான் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"இது அந்த ஆமியின்ரை சாமான்தானே?"

"ஆமி எண்டால், சாதாரணச் சிப்பாய்மார். சமையல்காரர். அவையும் பசிச்சுத்தானே சாப்பிட்டவை."

"எங்கடை ஊரிலை நிண்ட ஆமியும் பசிச்சுத்தான் சாப்பிட்டவங்கள்" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

நான் உடனே எனக்கொரு சட்டம் இயற்றினேன். உடைந்த சிலுவைபோல் இருக்கும் அந்தச் சுவஸ்திகச் சின்னம் தெளிவாகத் தெரியும் எதையும் வாங்குவதில்லை. கழுகு பரவாயில்லை. கழுகின் காலடியில் இருப்பது தேய்ந்து போயிருந்தால் பரவாயில்லை. தேய்ந்திருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கும் நீதிபதி நானே. நான்கு வருடத்தில் ஒரு பீங்கானைக்கூட நான் குற்றவாளி என்று தீர்ப்பளித்ததில்லை.

என்னிடம் ஒரு பெரிய சூப் பாத்திரம் இருந்தது. இரண்டு பக்கமும் காது வைத்த, பத்துப் பேருக்குப் பரிமாறக்கூடிய பாத்திரம். விமானப்படை விடுதிகளுக்குச் செய்தது. என் சேகரிப்பின் தலைவர் அவர்தான். ஆனால் மூடி இல்லை. மூடிகள்தான் முதலில் போகும், எந்தச் சமையலறையிலும் அப்படித்தான். நான்கு வருடமாக அந்த மூடியைத் தேடினேன். ஜாடிக்கேத்த மூடி என்று எங்கள் இருவரையும் கலியாணத்தன்று யாரோ வாழ்த்தியிருக்கிறார்கள். மனைவி அதைச் சொல்லிக் காட்டுவாள். "ஒரு மூடி வீட்டிலை இருக்கு, அதைத் திரும்பியும் பாக்கிறேல்லை."

ஒரு செப்ரெம்பரில் பழைய சாமான் விளம்பரங்களில் அந்த மூடி வந்தது. அதே தொழிற்சாலை, அதே வருடம். விற்பவர் மொன்ட்ரியாலிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் இருந்தார். நான் என் பிரெஞ்சில் எழுதினேன். என் பிரெஞ்சு முழுவதும் பாத்திரம் கழுவும் இடத்தில் கற்றது. சூடு, கவனம், கெதியாக, சுத்தம், சுத்தமில்லை. இவற்றை வைத்து ஒரு மனிதன் முப்பது வருடம் ஓட்டலாம். அவர் மிக மரியாதையாகப் பதில் எழுதினார். சனிக்கிழமை வாருங்கள், கோப்பி குடித்துக்கொண்டு பேசலாம்.

அந்தப் பக்கம் ஆப்பிள் தோட்டங்கள் இருந்தன. கூடை கூடையாக நாமே பறித்துக்கொள்ளலாம். அதைச் சொல்லித்தான் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். மூடியைப் பற்றி நெடுஞ்சாலை ஏறிய பிறகே சொன்னேன். சூப் பாத்திரம் துவாயில் சுற்றிக் காரின் பின்பெட்டியில் இருந்தது.

அவருக்கு எழுபது வயதிருக்கும். மனைவியை இழந்தவர். நீல யன்னல் கதவுகள் வைத்த வீடு, வாசலில் தக்காளிச் செடிகள். எங்கள் கோட்டுகளை வாங்கித் தானே மாட்டினார். கோப்பியும், தானே சுட்ட சர்க்கரைப் பணியாரமும் வைத்தார். வட்டமாக, வெட்டிச் சாப்பிடும் இந்த ஊர்ப் பணியாரம். என் மனைவி இரண்டாம் துண்டு வாங்கினாள். அவள் யார் வீட்டிலும் இரண்டாம் துண்டு வாங்குவதில்லை.

எந்த நாடு என்று கேட்டார். ஸ்ரீலங்கா என்றேன். இந்துவா என்றார். ஓம் என்று தலையாட்டினேன். அவருடைய முகம் மலர்ந்தது. "வாருங்கள், கீழே காட்டுகிறேன்."

கீழ்த்தளத்துக்கு நான் மட்டும் அவரோடு இறங்கினேன். அவர் விளக்கைப் போட்டார்.

சுவர் முழுக்கச் சிவப்புக் கொடிகள். நடுவில் அந்தச் சின்னம், எந்தத் தேய்மானமும் இல்லாமல். சீருடை அணிந்த பொம்மைகள், தலைக்கவசங்கள். பூ வைத்த ஒரு படம், யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. அறையின் நடுவில் வெள்ளை விரிப்புப் போட்ட நீண்ட மேசை. பன்னிரண்டு பேருக்குப் பீங்கான், கரண்டி, கத்தி, மடித்த துணி எல்லாம் வைத்துத் தயாராக இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை நண்பர்கள் வருவார்கள், சேர்ந்து சாப்பிடுவோம் என்றார்.

பிறகு என் தோளில் கையை வைத்தார். "மற்றவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இந்தச் சின்னம் உங்களிடமிருந்து வந்ததுதானே. நீங்களும் ஆரியர்கள்."

நான் கறுப்பன். பனங்கொட்டைக் கறுப்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். என்னை அகதி என்று அழைத்திருக்கிறார்கள், மெட்ரோவில் வேறு சொற்களாலும் அழைத்திருக்கிறார்கள். ஒரு தமிழனை, அதுவும் என் நிறத்தில் ஒரு தமிழனை, ஆரியன் என்று ஒருவர் தோளைத் தட்டிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுவாகத்தான் இருக்கும். அதைத் திருத்துவதற்குத் தேவையான பிரெஞ்சு என்னிடம் இல்லை. தமிழில் என்றாலே மூன்று தலைமுறைச் சண்டை அது.

அந்த இடத்தில் நான் திரும்பிப் படியேறியிருக்க வேண்டும். நான் செய்தது என்னவென்றால், மேசையருகே போய் ஒரு பீங்கானைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். அது போருக்குப் பிந்தியது. முத்திரையைப் பிறகு யாரோ போட்டிருக்கிறார்கள். மெருகுக்கு மேலே நிற்கிறது, உள்ளே இறங்கவில்லை. அதை அவருக்குச் சொன்னேன். அவர் அதிர்ந்து போனார். மற்றவற்றையும் பார்க்கச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகத் தூக்கி, அடிவளையத்தை விரலால் தடவி, இது சரி, இது சந்தேகம், இது படைமுகாம், இது ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொண்டே மேசையைச் சுற்றி வந்தேன். அவர் ஒரு கொப்பி எடுத்து எழுதிக்கொண்டார். வாழ்க்கையில் நான் பேசப் பேச ஒருவர் எழுதியது அன்றைக்குத்தான்.

எட்டாவது பீங்கானில் நிற்கும்போது மனைவி படியில் நிற்பதைக் கண்டேன். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. கொடிகளைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"மூடி பாக்க வந்தனான்" என்றேன்.

"நான் காரிலை இருக்கிறன்."

அவள் போன பிறகும் மிச்சம் நான்கு பீங்கான்களையும் நான் பார்த்தேன். பாதியில் விட்டால் நன்றாக இருக்காது என்று அப்போது தோன்றியது. பிறகு அவர் மூடியைக் கொண்டுவந்தார். பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டுமே. காருக்குப் போய்ப் பின்பெட்டியைத் திறந்து, துவாயில் சுற்றிய பாத்திரத்தைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு அவளைக் கடந்து மீண்டும் அந்த வீட்டுக்குள் போனேன். அவள் கண்ணாடி வழியாக நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடி பொருந்தியது. மெல்லிய ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். அறிந்தவருக்குப் பரிசு என்றார். நான் மெர்சி என்று நன்றி சொன்னேன். நவம்பரில் விருந்து, நீங்களும் வரவேண்டும், மனைவியோடு, என்றார். நான் இன்னொரு முறை, மெர்சி பொக்கு என்றேன். கை குலுக்கினேன். கோட்டை அவரே போட்டுவிட்டார்.

ஆப்பிள் தோட்டங்களை எண்பது கிலோமீற்றர் வேகத்தில் கடந்தோம். மொன்ட்ரியாலுக்குள் நுழையும் பாலத்துக்கு முன்னால் வழக்கம்போல் வீதி வேலை. செம்மஞ்சள் கூம்புகளுக்கு நடுவே கார்கள் நகராமல் நின்றன. அங்கே அவள் கேட்டாள்.

"அந்த மேசையிலை எத்தினை பேருக்கு வைச்சிருந்தது?"

"பன்னிரண்டு."

"பதின்மூண்டாவது ஆள் நீங்களோ?"

என்னைப் பார்க்காமல், முன்னால் நின்ற லொறியைப் பார்த்தபடி அவள் சொன்னாள்.

"நாங்கள் இடம்பெயர்ந்து போன நேரம் எங்கடை வீட்டிலை ஆமி இருந்தது. அவங்கள் விட்டுட்டுப் போனாப் பிறகு திரும்பி வந்தம். கதிரை மேசை ஒண்டுமில்லை. சாப்பாட்டுத் தட்டுகள் மட்டும் கிணத்தடியிலை கிடந்தது. எங்கடை தட்டுத்தான், சில்வர் தட்டு. அதிலை ஒண்டிலை ஆணியாலை நம்பர் கீறியிருந்தது, தன்ரை எண்டு தெரியிறதுக்கு. அம்மா சாம்பல் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தவ. நம்பர் போகேல்லை. வேறை தட்டு இல்லை, அதிலைதான் சாப்பிட்டம். அந்தத் தட்டு எனக்கு வந்தால் நான் சோத்தைத் தள்ளித் தள்ளி நம்பரை மூடி வைச்சுச் சாப்பிடுவன்."

முப்பது வருடத்தில் அவள் இதை எனக்குச் சொன்னதில்லை. அந்த நேரத்தில் ஒரு கணவன் சொல்லக்கூடியவை பல இருந்தன. ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவற்றில் சிறந்தது. என் வாயிலிருந்து வந்தது இது:

"என்ன நம்பர்?"

கேட்ட பிறகுதான் எனக்கே கேட்டது. நாலு இலக்கமா, ஐந்து இலக்கமா, எந்தப் பிரிவு என்று கண்டுபிடிக்கலாமா என்று உள்ளே ஒருவன் ஏற்கனவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

அவள் நான்கு நாள் என்னோடு கதைக்கவில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள். எனக்குத் தேவையானவை மேசையில் இருந்தன. பேச்சு மட்டும் இல்லை. நான் சூப் பாத்திரத்தை மூடியோடு கட்டிலுக்குக் கீழே வைத்தேன். அது வீட்டில் இருப்பது எனக்குத் தெரிந்தது. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தால் தெரிவது மாதிரி.

காரணங்கள் தேடினேன். மூடி என்ன செய்தது? அந்த மனிதர் தனியாக இருப்பவர். பண்பாகத்தானே நடந்தார். நான் சண்டை போட்டிருந்தால் கொடிகளைக் கழற்றியிருப்பாரா? எல்லாம் நல்ல காரணங்கள். ஒவ்வொன்றையும் மனைவியிடம் சொல்லிப் பார்ப்பதாகக் கற்பனை செய்தேன். ஒன்றுகூட அவள் முகத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

அப்போதுதான் அவருடைய அழைப்பு வந்தது. விருந்தின் நாள், நேரம், என்ன சமைப்பார் என்ற விவரம். நான் சொன்ன சந்தேகப் பீங்கான்களை மேசையிலிருந்து எடுத்துவிட்டாராம். என் ஆலோசனைக்கு நண்பர்கள் எல்லோரும் நன்றி சொன்னார்களாம்.

நான் மூன்று நாள் இருந்து ஒரு பதில் எழுதினேன். பிரெஞ்சு சரியா என்று மகளிடம் காட்டினேன். அவள் இங்கே பிறந்தவள், ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் வரமாட்டன் எண்டு எங்கை எழுதியிருக்கிறீங்கள்?"

"அதுதானே எழுதியிருக்கு."

"இல்லை. வர விருப்பம், அண்டைக்கு ஒரு கலியாண வீடு இருக்கு, பேந்து ஒரு நாளைக்குப் பாப்பம் எண்டு எழுதியிருக்கு. ஆர் இந்த ஆள்?"

சொன்னேன். கொடிகளைச் சொன்னேன், படத்தைச் சொன்னேன். பீங்கான்களைப் பார்த்துக் கொடுத்ததை மெதுவாகச் சொன்னேன். அவள் பேனாவை எடுத்தாள். பிறகு ஒரு தாளில் இரண்டு வசனம் எழுதித் தந்தாள். உங்கள் கொள்கையை நான் வெறுக்கிறேன். உங்களிடமிருந்து வந்த எதையும் நான் வைத்திருக்க மாட்டேன்.

"இதை அனுப்பட்டோ?" என்றேன்.

"மூடியை வைச்சுக்கொண்டோ?" என்றாள்.

ஒக்ரோபர் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். ஒன்றரை மணி நேரமும் அந்த இரண்டு வசனத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனேன். உச்சரிப்பு நன்றாகவே வந்தது.

கதவைத் திறந்தார். சமையல் துணி கட்டியிருந்தார், வீடெல்லாம் வெங்காய வாசனை. பச்சைத் தக்காளியில் சட்னி மாதிரி ஒன்று செய்து போத்தலில் அடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவ்வளவு சந்தோஷம். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் உள்ளே போய் ஒரு போத்தலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது. என் மனைவிக்காம். அவள் இரண்டாம் துண்டு வாங்கியதை மறக்கவில்லை.

ஒரு கையில் மூடி, மறு கையில் சட்னி. மகளின் வசனங்கள் இரண்டும் போய்விட்டன. மூடியை நீட்டினேன். என்னிடம் மிஞ்சியிருந்தது சமையலறைப் பிரெஞ்சு.

"சுத்தமில்லை" என்றேன்.

அவர் பதறிவிட்டார். "நான் கழுவித்தானே தந்தேன்." மூடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே பார்த்தார். சமையல் துணியால் துடைத்தார். எங்கே அழுக்கு என்று என்னையே கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பிறகு விரலால் தரையைக் காட்டினேன்.

"அங்கே. கீழே. சுத்தமில்லை."

அவர் துடைப்பதை நிறுத்தினார். அவருக்கு விளங்கிவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்படவில்லை. முகம் மட்டும் சுருங்கியது.

"என் பணியாரத்தைச் சாப்பிட்டீர்கள்" என்றார்.

"ஓம்" என்று பிரெஞ்சில் சொன்னேன். "நல்லாயிருந்தது."

கதவை மெதுவாகச் சாத்தினார். நான் போத்தலோடு வாசலில் நின்றேன். அதைப் படியில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். வைக்கத்தான் குனிந்தேன். சூடான கண்ணாடி, உறைபனி நாள், சீமெந்துப் படி. வெடித்துவிடும் என்று கை தானாகத் திரும்பி வந்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம். சீட்டில் வைத்து, உருளாமல் பட்டியும் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"குடுத்திட்டீங்களோ?" என்றாள் மனைவி.

"குடுத்திட்டன்."

"இது என்ன?"

நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை, சட்னிக்குப் பட்டி போட்டதைக்கூட. சீட் பட்டி என்ற இடத்தில் அவள் வாய் கொஞ்சம் கோணியது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு, சிரிப்பென்று அதைச் சொல்லலாம் என்றால். போத்தலைத் திறந்து மணந்து பார்த்தாள். "நல்லாத்தான் செய்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் கவிழ்த்தாள்.

மிச்சப் பீங்கான்கள் இருந்தனவே. அவற்றை விற்க முடியாது என்பது அன்று எனக்கு விளங்கியது. யார் வாங்குவார்கள்? என்னைப் போன்ற ஒரு முட்டாள் வாங்கினால் பரவாயில்லை, மேசை போட்டுக் காத்திருக்கும் ஒருவர் வாங்கினால்? பழைய சாமான் கடைக்குக் கொடுத்தாலும் அதே கதைதான். ஆஸ்பத்திரிக்குச் செய்தவை ஒன்பது இருந்தன. அவற்றை என்ன செய்ய என்று மனைவியைக் கேட்டேன். "அது உங்கடை விசயம்" என்றாள். ஒன்பதையும் ஒரு பெட்டிக்குள் வைத்தேன். சரியா பிழையா என்று இன்னும் தெரியாது. மற்றவற்றை உடைப்பது என்று முடிவாயிற்று.

உடைவதற்கென்று செய்யப்பட்ட பொருட்கள் அல்ல அவை. இதை ஐந்து வருடமாக உலகத்துக்கு எடுத்துச் சொன்ன நிபுணன் நானே. வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் முதல் பீங்கானைச் சீமெந்தில் எறிந்தேன். அது துள்ளி, உருண்டு, பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியில் சாய்ந்து நின்றது. இரண்டாவதும் அப்படியே. மேல்மாடியில் புகைத்துக்கொண்டிருந்த கிரேக்கக் கிழவர், கலியாணமா என்று கேட்டார்; அவர்கள் ஊர்க் கலியாணத்தில் தட்டு உடைப்பார்கள். இல்லை என்றேன். "விளிம்பு படும்படி போடு" என்றார். விளிம்பு படும்படி போட்டேன். சீமெந்தில் ஒரு துண்டு பெயர்ந்தது.

மனைவி கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு சுத்தியலோடு கீழே இறங்கி வந்தாள். பீங்கான்களைப் பழைய சாக்குக்குள் போட்டு, கவிழ்த்து, அடிவளையத்தில் ஒரே அடி. சரியாகப் பிளந்தது. எங்கே அடிப்பது என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பீங்கானை அவள் எடுத்தபோது என்னை அறியாமல், "அது நாற்பத்தொண்டாம் வருசம்" என்றேன்.

"ஓம்" என்றாள், அடித்தாள்.

சூப் பாத்திரத்தை நானே உடைத்தேன். அதற்கு ஐந்து அடி தேவைப்பட்டது. முதல் மூன்றும் நான் மெதுவாக அடித்ததால் என்று அவள் சொல்கிறாள்.

துண்டுகளை நகரசபையின் கழிவுப்பொருள் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே நின்றவர் சாக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மட்பாண்ட வகை அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். கழிப்பறைத் தொட்டிகளும் முகம் கழுவும் தொட்டிகளுமாக ஒரு வெள்ளைக் குவியல். அதன்மேல் கொட்டினோம். கொட்டிய பிறகு எது எது என்று எனக்கே தெரியவில்லை.

நான் திருந்திய மனிதன் என்று இதை முடித்தால் நன்றாக இருக்கும். போன மாதம் தொலைபேசியில் ஓர் அறிவித்தல் வந்தது. என்றைக்கோ நான் பதிந்து வைத்த தேடலுக்குப் பொருத்தமான புதிய விளம்பரம். குழம்பு ஊற்றும் பாத்திரம், அடித்தட்டோடு, முழுதாக. மெருகு எப்படி என்று பார்க்கப் படத்தைப் பெரிதாக்கினேன். பக்கத்தில் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன பாக்கிறீங்கள்?"

காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்ல சாமானோ?"

"ஓம். நல்ல சாமான்."

"சரி, பாத்தாச்செல்லோ" என்று சொல்லிக் கீரையில் ஒரு பிடியை என் பக்கம் தள்ளினாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டு ஆயத் தொடங்கினேன்.